குதிரையை எண்ணாதீங்க, காத்தை அளந்து வாங்குங்க

ஏர் கம்ப்ரசர் வாங்கப் போறவங்க கடையில கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை எச்பி?" அடுத்தது, "டேங்க் எத்தனை லிட்டர்?" அப்புறம், "கடைசி விலை சொல்லுங்க." இந்த மூணு கேள்வியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனா ஏமாந்துதான் திரும்பணும். கேட்க வேண்டிய கேள்வி வேற. "ஆறு கிலோ பிரஷர்ல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காத்து இந்த மெஷின் குடுக்கும்?" இதுக்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில பணத்தை வெளியே எடுக்காதீங்க. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

கழனி வேலை செய்யறவனுக்குக் கம்ப்ரசர் பத்தி என்ன தெரியும்னு சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்து படிக்கிறவங்க நினைக்கலாம். உங்களுக்கு முன்னாடியே இந்த மெஷின் எங்க மோட்டார் கொட்டாவுக்கு வந்துடுச்சு. போர்ல தண்ணி கீழ இறங்கினப்போ, மேலே கம்ப்ரசரை வெச்சு, குழாய் வழியா காத்தைக் கீழே அனுப்பி, தண்ணியும் காத்துமா குமுறிக் குமுறி மேலே வர வெச்சவங்க நாங்க. அதோட டிராக்டர் டயர், ஏர் ஃபில்டர், ஸ்பிரேயர்னு காத்து இல்லாம கழனி வேலையும் ஓடறதில்ல. பத்தாவது படிச்ச கணக்கு போதும், இதைப் புரிஞ்சிக்க.

இப்போ நகரத்துல புதுசா ஒரு ஆசை கிளம்பியிருக்கு. வீட்டுக் கீழ கார் நிக்கிற இடத்துல ஒரு கம்ப்ரசர் இருக்கணும். டயருக்குக் காத்து, பைக் கழுவ, கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க. ஆசைப்படறது தப்பில்ல. அதை வாங்கற விதத்தைத்தான் குறை சொல்றேன். யாரோ ஒருத்தர் வீடியோவுல மெஷினை ஓட்டிக் காட்டி, "கீழே லிங்க் இருக்கு" என்கிறார். அந்த லிங்க் வழியா நீங்க வாங்கினா அவருக்குக் கமிஷன். எங்க காஞ்சிபுரத்துக்கு இது புதுசு இல்ல. பஸ் ஸ்டாண்டுல இறங்கி, "நல்ல பட்டுக்கடை எது?"ன்னு கேட்கிறவங்களை நேரா கமிஷன் தர்ற கடை வாசல்ல கொண்டு போய் விடற ஆளுங்க இங்கே ரொம்ப காலமா இருக்காங்க. ஆட்டோவுக்குப் பதிலா இப்போ லிங்க். அவ்வளவுதான் வித்தியாசம்.

எச்பி, அதாவது குதிரை சக்தி என்கிற கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. நீராவி இயந்திரத்தை விக்க வந்த ஜேம்ஸ் வாட், சுரங்கத்துலயும் ஆலையிலயும் குதிரை கட்டி வேலை வாங்கிட்டிருந்த முதலாளிங்களுக்குப் புரியணும்னு, என் இயந்திரம் இத்தனை குதிரைக்குச் சமம்னு கணக்குப் போட்டுச் சொன்னார். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில நடந்த கதை இது. பிறந்ததே வியாபாரம் பேசறதுக்காகத்தான். இன்னிக்கும் அதே வேலையைத்தான் செய்யுது. எச்பி என்பது மோட்டாரோட பலம். அந்தப் பலத்துல எவ்வளவு காத்தா மாறி ஹோஸ் முனைக்கு வருது என்பது தனிக் கணக்கு. ஒரு ஜோடி மாடு வண்டியில பூட்டியிருக்குன்னா வண்டியில எத்தனை மூட்டை இருக்குன்னு தெரிஞ்சிடுமா?

டேங்க் லிட்டரும் அப்படித்தான். எங்க மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம்னே பேரு. தென்னேரியில இருந்து செம்பரம்பாக்கம் வரைக்கும் ஏரியைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்கவே வேணாம். ஏரி எவ்வளவு பெருசா இருந்தாலும், வரத்துக்கால்ல தண்ணி வரலேன்னா மதகைத் திறந்த கொஞ்ச நாள்ல தரை தெரியும். கம்ப்ரசர்ல டேங்க்தான் ஏரி. மேலே ஓடற பம்புதான் வரத்துக்கால். உங்க கையில இருக்கிற ஹோஸ்தான் மதகு. மதகுல போறதைவிட வரத்து கம்மியா இருந்தா, 50 லிட்டர் டேங்கா இருந்தாலும் 200 லிட்டர் டேங்கா இருந்தாலும் காலியாகறது நிச்சயம். பெரிய டேங்க் காலியாக இன்னும் சில நிமிஷம் ஆகும். அதே மாதிரி நிரம்பறதுக்கும் அதிக நேரம் ஆகும்.

எங்க அக்கா பையன் கதையைச் சொல்றேன். ஓரிக்கை பக்கத்துல ஒரு சின்னக் கொட்டா போட்டு பைக் ரிப்பேர் பார்க்கிறான். கூடவே டேங்க் கவருக்கும் மட்கார்டுக்கும் பெயின்ட் அடிச்சுக் குடுக்கலாம்னு தவணையில ஒரு கம்ப்ரசர் எடுத்தான். 3 எச்பி, 100 லிட்டர் டேங்க். வாங்கி ஒரு மாசத்துல என்கிட்ட வந்து, "மாமா, கன்னை அமுத்தினா ரெண்டு மூணு நிமிஷம் நல்லா அடிக்குது. அப்புறம் துப்புது. பெயின்ட் புள்ளி புள்ளியா விழுது. மறுபடி தேய்ச்சு மறுபடி அடிக்க வேண்டியிருக்கு"ன்னான். கடைக்காரரைக் கேட்டா, "தம்பி, உனக்கு கன் பிடிக்கத் தெரியல"ன்னு சொல்லிட்டாராம்.

நான் போய் போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பார்த்தேன். ஹோஸை மூடிட்டு மெஷினை ஓட விட்டோம். மீட்டர் முள் 4 கிலோவுல இருந்து 6 கிலோவுக்கு ஏற 1 நிமிஷம் 40 செகண்ட் ஆச்சு. கணக்கு ரொம்பச் சுலபம். டேங்க் 100 லிட்டர், ஏறினது 2 கிலோ. பெருக்கினா 200 லிட்டர் காத்து. அதை 100 செகண்டுல குடுத்திருக்கு, அப்போ நிமிஷத்துக்கு 120 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர். சிஎஃப்எம் கணக்குல சொன்னா 4க்குக் கொஞ்சம் மேல.

அவன் வெச்சிருக்கிற ஸ்பிரே கன் குடிக்கிறது 8 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்குச் சுமார் 226 லிட்டர். வரவு 120, செலவு 226. டேங்க் 8 கிலோவுல இருந்து 5 கிலோவுக்கு இறங்கற வரைக்கும் கையிருப்பு 300 லிட்டர். நிமிஷத்துக்கு 106 லிட்டர் துண்டு விழுது. மூணு நிமிஷம் கூட வராது. பையன் சொன்ன ரெண்டு மூணு நிமிஷம் எங்கிருந்து வந்துச்சுன்னு புரியுதா? கன் பிடிக்கத் தெரியாததால வந்த வினை இல்ல அது.

3 எச்பி மோட்டார் நல்ல பம்போட சேர்ந்திருந்தா இதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல காத்து வரணும். பொதுவா நல்ல பெல்ட் மெஷின் ஒரு எச்பிக்கு 3ல இருந்து 4 சிஎஃப்எம் குடுக்கும். அப்போ இங்கே என்ன நடந்துச்சு? ஒண்ணு, ஸ்டிக்கர்ல இருக்கிற 3 எச்பி உண்மையான 3 எச்பி இல்ல. மோட்டார் கிளம்பற அந்த ஒரு நொடியில இழுக்கிற கரண்டை வெச்சுப் போட்ட எண்ணா இருக்கும். இல்லேன்னா, மோட்டார் சரி, பம்பு சின்னது. எதுவா இருந்தாலும் தவணை கட்டறவன் அவன்தான். ஒரு நாளைக்கு மூணு வண்டி பெயின்ட் வேலையை நம்பிப் போட்ட கணக்கு, ஒரு வண்டிக்கே இழுபறியா நிக்குது.

இதுல இன்னொரு தந்திரமும் இருக்கு. சில தாள்ல சிஎஃப்எம் எழுதியிருப்பாங்க. ஆனா அது பிஸ்டன் உள்ளே இழுக்கிற அளவு. சிலிண்டர் அளவையும் சுத்தையும் பெருக்கிப் போட்ட எண். உண்மையில ஹோஸுக்கு வர்றது அதைவிட மூணுல ஒரு பங்கு வரைக்கும் குறையும். வால்வுலயும் ரிங்குலயும் சூட்டுலயும் போயிடும். வெளியே வர்ற காத்துக்குத் தனிப் பேர் இருக்கு, எஃப்ஏடி. தாள்ல இந்த மூணு எழுத்து இருக்கா, எந்தப் பிரஷர்ல அளந்தாங்கன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. இதைத் தயாரிக்கத் தெரிஞ்ச ஊர் நம்ம கோயம்புத்தூர். எல்ஜி கம்பெனி 1960ல அங்கேதான் ஆரம்பிச்சது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1958ல, புனேயில கிர்லோஸ்கர் நியூமேட்டிக் வந்துடுச்சு. அறுபது வருஷத்துக்கு மேல இந்த மெஷினை நாமே செய்யற நாட்டுல, காத்து எவ்வளவுன்னு கேட்டா கடைக்காரர் முழிக்கிறார்னா அதை ஏத்துக்கவே கூடாது.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன். "வர்றவங்க எச்பிதான் கேட்கிறாங்க. நான் சிஎஃப்எம் பேசினா பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க" என்பார். உண்மைதான். அதனாலதான் இதை அவருக்கு எழுதாம உங்களுக்கு எழுதறேன். பட்டுப்புடவை வாங்க வர்றவங்க ஜரிகையைச் சோதிச்சுத் தரச் சொல்லிக் கேட்க ஆரம்பிச்ச பிறகுதான் சோதிச்சுக் காட்டற வழக்கம் கடைக்குள்ள வந்துச்சு. கேட்கிறவங்க மாறினா விக்கறவங்களும் மாறுவாங்க.

அதனால கடையிலயே இந்தச் சோதனையைச் செய்யுங்க. மெஷினை ஓட்டச் சொல்லுங்க. ஹோஸை மூடி, முள் 4ல இருந்து 6க்கு ஏற எவ்வளவு நேரம்னு பாருங்க. டேங்க் லிட்டரை 2ஆல பெருக்கி, ஆன நிமிஷத்தால வகுங்க. வர்றதுதான் நீங்க வாங்கப் போற காத்து. 1662ல ராபர்ட் பாயில் எழுதி வெச்ச விதிதான் இதுக்கு ஆதாரம். காத்தைப் பாதி இடத்துல அடக்கினா அழுத்தம் ரெண்டு மடங்கு. பள்ளிக்கூடத்துல படிச்சு மறந்திருப்பீங்க. டேங்க் மேல தகட்டுல எத்தனை லிட்டர்னு அடிச்சிருக்கிறதைத்தான் கணக்குக்கு எடுக்கணும், பெயின்ட்ல எழுதினதை எடுக்காதீங்க. சோதனைக்கு ஒத்துக்காத கடையில வேலை இல்ல, கிளம்பிடுங்க.

ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு. உங்களுக்கு நிஜமாவே கம்ப்ரசர் வேணுமா?

கார் டயருக்குக் காத்து வைக்கறதுதான் வேலைன்னா வேணாம். ஒரு கார் டயருக்குள்ள சுமார் 40 லிட்டர் இடம். 25 பிஎஸ்ஐ இருக்கிறதை 32 ஆக்கணும்னா உள்ளே போக வேண்டியது சுமார் 20 லிட்டர் காத்து. நாலு டயருக்கும் சேர்த்து 80 லிட்டர். கார் சிகரெட் லைட்டர்ல மாட்டற சின்னப் பம்பே ஒரு டயரை ஒரு நிமிஷம் போல நேரத்துல முடிச்சிடும். கால் பம்பு இருந்தா உடம்புக்கும் நல்லது. மாசத்துக்கு ரெண்டு தடவை 80 லிட்டர் காத்துக்காக, ஆள் தூக்க முடியாத ஒரு இரும்பு டேங்கை வாங்கி, அதைப் பராமரிச்சு, அதுக்குப் பயந்து வாழறது எதுக்கு? உங்க தெரு முனையில பஞ்சர் கடை வெச்சிருக்கிறவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கார். அவருகிட்ட குடுங்க அந்தக் காசை. டயர் பக்கவாட்டுல வெடிப்பு இருந்தா அவர் கண்ணுக்குத்தான் தெரியும், உங்க மெஷினுக்குத் தெரியாது.

எங்க கணக்கு வேற. டிராக்டரோட பின் டயர்ல பிரஷர் கம்மிதான், கார் டயர்ல பாதி கூட வராது. ஆனா உள்ளே இருக்கிற இடம் 200 லிட்டருக்கு மேல. சின்னப் பம்பை மாட்டினா சூடாகி நின்னுடும். லாரி டயர் நேர்மாறு, 100 பிஎஸ்ஐக்கு மேல வேணும். பிரஷர் ஒண்ணு, அளவு ஒண்ணு. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு, "10 கிலோ பிரஷர் வருது சார், பவர்ஃபுல் மெஷின்"னு சொன்னா நம்பாதீங்க. சைக்கிள் பம்பு கூட நல்ல பிரஷர் குடுக்கும். அளவுதான் குடுக்காது.

அப்போ யாருக்கு வேணும்? பெயின்ட் அடிக்கிறவங்களுக்கு, நட்டு கழட்டற இம்பாக்ட் கன் வெச்சிருக்கிறவங்களுக்கு, தினம் ஃபில்டரும் பார்ட்ஸும் ஊதிச் சுத்தம் பண்றவங்களுக்கு வேணும். முதல்ல நீங்க பயன்படுத்தப் போற கருவியோட தாளை எடுங்க. அது நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து குடிக்கும்னு இருக்கும். அதுக்கு மேல கால் பங்கு சேர்த்து வெச்சுக்கிட்டு, அவ்வளவு எஃப்ஏடி தர்ற மெஷினைத் தேடுங்க. கருவியில ஆரம்பிச்சு மெஷினுக்கு வரணும். எல்லாரும் மெஷினை வாங்கிட்டு வந்து, இதுல என்னென்ன மாட்டலாம்னு தேடறாங்க. செருப்பை வாங்கிட்டு காலைத் தேடற மாதிரி.

ஆயில் போடற மெஷினா, ஆயில் இல்லாததான்னு கேட்பீங்க. ஆயில் இல்லாத சின்ன மெஷின்ல பெரும்பாலும் மோட்டாரும் பம்பும் நேரா இணைஞ்சிருக்கும். பலது நிமிஷத்துக்கு 2,800 சுத்து போகும். காது கிழியும். கொஞ்சம் ஓடி கொஞ்சம் ஓய்வெடுக்கிற வேலைக்குத்தான் அது. எப்பவாவது ஒரு நாள் பயன்படுத்தறவங்களுக்குப் பரவாயில்ல. பெல்ட் போட்ட ஆயில் மெஷின் ஆயிரம் சுத்துக்குள்ள நிதானமா ஓடும், பல வருஷம் உழைக்கும். ஆனா ஆயில் அளவு பார்க்கணும், பெல்ட்டுக்கு வலைக்கூண்டு கட்டாயம் இருக்கணும். பெயின்ட் அடிக்கிறதுன்னா ஆயிலும் தண்ணியும் பிரிக்கிற ஃபில்டர் தனியா வேணும். இல்லேன்னா பெயின்ட்ல மீன் கண்ணு மாதிரி குழி குழியா விழும்.

அடுத்தது கரண்ட். 2 எச்பி மெஷின் மணிக்குச் சுமார் 2 யூனிட் இழுக்கும். கிளம்பற நேரத்துல ஓடற கரண்டைப்போல அஞ்சாறு மடங்கு. லைன் கடைசியில இருக்கிற வீட்டுல சாயங்காலம் 230 வோல்ட் 180 ஆகுதுன்னா, மோட்டார் கிளம்பற பலம் அஞ்சுல மூணு பங்கா இறங்கிடும். உறுமிட்டு நிக்கும், சுருள் கருகும். அதனால மெஷின் தூரத்துல வேணும்னா கரண்ட் ஒயரை நீட்டாதீங்க, காத்து ஹோஸை நீட்டுங்க. மெஷின் நிக்கும்போது "புஸ்"னு ஒரு சத்தம் வரணும். பம்புத் தலையில இருக்கிற காத்தை அது வெளியே விடுது. அந்தச் சத்தம் வரலேன்னா அடுத்த தடவை மோட்டார் பாரத்தோட கிளம்பணும். வாங்கும்போதே காது குடுத்துக் கேளுங்க.

கரண்ட்னு வந்த பிறகு எங்க ஆளுங்களையும் விடக் கூடாது. 1990ல எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்துச்சு. அது இல்லேன்னா எங்களை மாதிரி சிறு விவசாயி எப்பவோ நிலத்தை வித்திருப்பான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பில் வராத இடத்துல யாரும் கணக்குப் பார்க்கறதில்ல. போர்ல கம்ப்ரசர் வெச்சுத் தண்ணி எடுக்கறது, சப்மெர்சிபிளோட ஒப்பிட்டா ஒரு குடம் தண்ணிக்கு ரொம்ப அதிகமா கரண்ட் தின்னும். மணல் வர்ற போருக்கும், கோணலா போன போருக்கும், ஊத்து கம்மியான போருக்கும் அதுதான் தோது, ஏன்னா உள்ளே கெட்டுப்போக எதுவும் இல்ல. ஆனா அந்த நிலைமை இல்லாத போர்லயும் பழக்கத்துல வெச்சவங்க உண்டு. எத்தனை எச்பின்னு கேட்டு வாங்கற புத்தி அங்கேதான் வளர்ந்துச்சு. அதே புத்தியை மாடிவீட்டு கார் ஷெட்டுக்குக் கொண்டு போகாதீங்க. அங்கே இலவசம் ஒரு அளவு வரைக்கும்தான். அதே மாதிரி ஊர்ல நிலம் வெச்சிருக்கிறவங்க, கழனி சர்வீஸ்ல இருந்து ஒயர் இழுத்து வண்டிக் கொட்டாவுல கம்ப்ரசர் ஓட்டாதீங்க. அது சட்டப்படி குத்தம். நாலு பேர் அப்படிச் செஞ்சா, நாளைக்கு மீட்டர் வைக்கணும்னு சொல்றவங்க வாய்க்கு அவல் போட்ட மாதிரி.

இப்போ பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வர்றேன். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரையும் காலி கேஸ் சிலிண்டரையும் சேர்த்து வீட்டுலயே கம்ப்ரசர் செய்யறதைக் காட்டற வீடியோ நிறைய வருது. பார்க்க கெட்டிக்காரத்தனமா இருக்கும். அந்த சிலிண்டர் உங்களுது இல்ல, கேஸ் கம்பெனியோடது. அதுல ஓட்டை போட்டு வெல்டிங் வைக்கறவனுக்கு உள்ளே மிச்ச கேஸ் இருக்கான்னு தெரியாது. சேஃப்டி வால்வு இருக்காது. தண்ணி வடியக் கீழே குழாய் இருக்காது. காத்தும் சொற்பம்தான் வரும். இதைச் செஞ்சு பார்க்கிறவங்களை நான் கெட்டிக்காரங்கன்னு சொல்ல மாட்டேன்.

டேங்க்ல அடைச்ச காத்து என்ன செய்யும்னு ஒரு கணக்கு சொல்றேன். எங்க ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் சுமார் 190 அடி உயரம். 75 கிலோ நெல் மூட்டை ரெண்டு அந்த உச்சியில இருந்து ஒண்ணா விழுந்தா தரையில எவ்வளவு வேகத்துல மோதும்? 8 கிலோ பிரஷர்ல நிரம்பின 100 லிட்டர் டேங்க் கிழிஞ்சா வெளியே வர்ற சக்தி ஏறக்குறைய அந்த ரகம். அது உங்க கார் பக்கத்துல, சின்னப் பிள்ளைங்க சைக்கிள் ஓட்டற இடத்துல இருக்கு.

டேங்க் ஏன் கிழியுது? துருதான். எங்க ஊர் மாதிரி கடல் காத்து எட்டற இடத்துல காத்துலயே தண்ணி அதிகம். நிமிஷத்துக்கு 100 லிட்டர் இழுக்கிற மெஷின் ஒரு மணி நேரம் ஓடினா அரை டம்ளர் தண்ணி டேங்குக்குள்ள சேரும். வேலை முடிஞ்ச அன்னன்னிக்கே கீழ் குழாயைத் திறந்து வடிக்கணும். வடிக்காம விட்டா அடிப்பக்கம் உள்ளேயிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும். அதனால பழைய கம்ப்ரசர் மலிவா கிடைக்குதேன்னு பாயாதீங்க. மோட்டார் பழசா இருந்தா மாத்திக்கலாம். டேங்க் பழசா இருந்தா வேணாம். ஓட்டை விழுந்த டேங்க்கை வெல்டிங் வெச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா, அந்தப் பட்டறைக்கு மறுபடி போகாதீங்க.

இன்னும் ரெண்டு. காத்து லைனுக்கு வெள்ளை பிவிசி பைப் போடாதீங்க. தண்ணி பைப் உடைஞ்சா தண்ணி கொட்டும், காத்து பைப் உடைஞ்சா கத்தி மாதிரி சில்லு பறக்கும். இரும்பு பைப்போ, காத்துக்குன்னே வர்ற ஹோஸோ போடுங்க. அப்புறம், வேலை முடிஞ்சு சட்டையில இருக்கிற தூசியை ஏர் கன்னால ஊதறது, விளையாட்டுக்கு அடுத்தவன் மேல அடிக்கறது, இதெல்லாம் கூடவே கூடாது. விளையாட்டா உடம்புல காத்தை ஏத்தி குடல் கிழிஞ்சு செத்த தொழிலாளிங்க இந்த நாட்டுல உண்டு.

ஆலையா இருந்தா, 2025 வரைக்கும் நடப்புல இருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்துல பிரஷர் டேங்குக்குன்னே 31வது பிரிவு இருந்துச்சு. சோதிச்சு எழுதி வைக்கணும். உங்க வீட்டுக் கார் ஷெட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வர மாட்டார். நீங்கதான் இன்ஸ்பெக்டர். மாசம் ஒரு தடவை சேஃப்டி வால்வு வளையத்தை இழுத்துப் பாருங்க, காத்து வெளியே வரணும். வரலேன்னா அன்னிக்கே மாத்துங்க.

கடைசியா அக்கம்பக்கம். பிள்ளையார்பாளையத்துல வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்கும், சுவத்துக்கு அந்தப் பக்கம் தறி. காலையில தெருவுலயே பாவு நீட்டிச் சரி பண்ணுவாங்க. அந்த நேரத்துல ஒருத்தர் வாசல்ல நின்னு பைக்குக்கு ஸ்பிரே அடிச்சா, பறக்கிற பெயின்ட் பட்டு இழையில உட்காரும். ஒரு புடவைக்கான பாவு கெட்டா அந்தக் குடும்பத்தோட எத்தனை நாள் கூலி? உங்க அடுக்குமாடியில தறி இருக்காது. ஆனா மாடியில காயற துணியும், தூங்கற குழந்தையும், நைட் ஷிஃப்ட் முடிச்சுப் படுத்தவரும் இருப்பாங்க. மெஷினை எங்கே வைக்கப் போறோம், எந்த நேரத்துல ஓட்டப் போறோம் என்பதையும் வாங்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க.

எங்க அக்கா பையன் இப்போ தவணை முடியற வரைக்கும் அந்த மெஷினை வெச்சே ஒப்பேத்தறான். காத்து கம்மியா குடிக்கிற சின்ன கன் ஒண்ணு மாட்டி, மட்கார்டு மட்டும் அடிக்கிறான். பெரிய வேலை வந்தா வேற பட்டறைக்கு அனுப்பிடறான். "மாமா, ஸ்டாப்வாட்ச் என் பாக்கெட்லதான் இருந்துச்சு. யாரும் சொல்லித் தரல"ன்னான்.

அவனுக்குச் சொல்லித் தர ஆள் இல்ல. உங்களுக்கு இப்போ தெரிஞ்சிடுச்சு. கடைக்குப் போறப்போ எச்பியைக் கேட்காம காத்தைக் கேளுங்க. பதில் வந்தாலும் நம்பிடாம, முள் 4ல இருந்து 6க்கு ஏறற வரைக்கும் நின்னு பார்த்துட்டுப் பணம் குடுங்க.